பழைய ஓட்டு வீட்டு உத்திரம்: தேக்கா, அயனியா, வேங்கையா?

விளவங்கோடு_விளை (கேள்வி)

எல்லாருக்கும் வணக்கம். மார்த்தாண்டம் பக்கம் ஒரு பழைய ஓட்டு வீட்டைப் பிரித்த மரம் கையில் இருக்கிறது. என்ன மரம் என்று தெரிந்தால்தான் அதைப் புது வீட்டுக் கட்டளைக்கும் (கதவு நிலைச் சட்டம்) ஜன்னலுக்கும் போடலாமா, வேண்டாமா என்று முடிவெடுக்க முடியும். மூன்று வகை இருக்கிறது.

முதலாவது உத்திரம். 15 செ.மீ × 12 செ.மீ கனம், 3.6 மீட்டர் நீளம், ஆறு எண்ணம். வெளியே அடுப்புப் புகையும் அண்டி எண்ணெயும் (முந்திரிக்கொட்டை ஓட்டு எண்ணெய்) ஏறி முழுக்கக் கருப்பு. உளியால் ஒரு செ.மீ ஆழம் செதுக்கினால் உள்ளே பொன்பழுப்பு நிறம், இடையிடையே கருஞ்சிவப்புக் கோடு. இரண்டு பேர் சேர்ந்தாலும் ஒரு முனையைத் தூக்கச் சிரமம்.

இரண்டாவது தட்டுப் பலகை. 2.5 செ.மீ கனம், மேல்முகம் காப்பிப்பொடி நிறம், செதுக்கினால் மஞ்சள். உத்திரத்தைவிட எடை நன்றாகக் குறைவு. ஓரத்தில் வெள்ளைப் பகுதி உளுத்திருக்கிறது, உள்பகுதி கெட்டி.

மூன்றாவது கழுக்கோல், கூரைச் சாய்வில் ஓட்டைத் தாங்கும் சட்டம். கருப்பு ஊசி ஊசியாக நார் தெரிகிறது.

உத்திரத்தை மில்லில் தேக்கு என்றார்கள். ஆசாரி ஒருவர் அயனி என்றார். விலைக்குக் கேட்டு வந்தவர் இருள் மரம் என்றார், ஆனால் தேக்கு விலையில் பாதிக்குக் கேட்டார். படம் மூன்று போட்டிருக்கிறேன். பார்த்துச் சொல்லுங்கள்.

---

உளிமுனை

உங்கள் படம் மூன்றும் பலகை முகத்தை எடுத்தவை. அதை வைத்து யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாது. சொல்கிறவர் நிறத்தை வைத்துச் சொல்கிறார் என்றே அர்த்தம். மர நிறம் வெயிலில் மாறும், புகையில் மாறும், எண்ணெயில் மாறும். அயனியும் பிலாவும் (பலா) அறுத்த அன்று மஞ்சள், சில வருடத்தில் தேக்கு நிறம், இன்னும் போனால் காப்பி நிறம். தேக்கோ அறுத்த அன்று பச்சையும் கருப்புமாகத் திட்டுத்திட்டாக இருந்து, காற்றும் வெளிச்சமும் பட்டபின் பொன்பழுப்புக்கு வரும். நிறம் மட்டும் போதும் என்றிருந்தால் மூன்று பேர் மூன்று பெயர் சொல்லியிருக்க மாட்டார்கள்.

பார்க்க வேண்டியது குறுக்குவெட்டை. மரத்தை முருங்கைக்காய் நறுக்குகிற மாதிரி குறுக்கே வெட்டினால் தெரியும் முகம். மரம் தண்ணீர் ஏற்றிய குழாய்கள் அங்கே துளைகளாகத் தெரியும். அந்தத் துளைகளின் அளவும், அவை நிற்கும் ஒழுங்கும், சுற்றியிருக்கும் வெளிர்ந்த திசுவின் வடிவமும் மரத்துக்கு மரம் வேறு.

செய்யும் விதம்: உத்திரத்தின் நுனியிலிருந்து 10 செ.மீ தள்ளி ஒரு துண்டு அறுங்கள். நுனியே வேண்டாம், சுவருக்குள் இருந்த பகுதி சுண்ணாம்பும் ஈரமும் குடித்து நிறமே மாறிப்போயிருக்கும். வெள்ளைப் பகுதி இல்லாமல், வைரத்திலிருந்து (உள்ளே இருக்கும் கெட்டிப் பகுதி) 2 செ.மீ சதுரத்தில் ஒரு குச்சி எடுங்கள். ரம்பம் ஓடிய முகத்தில் ஒன்றும் தெரியாது, துளைகளெல்லாம் நசுங்கி மூடிக்கொள்ளும். உப்புத்தாள் போட்டால் தூள் துளைக்குள் அடைந்து, இல்லாத வெள்ளைப் புள்ளியெல்லாம் இருப்பதுபோல் தோன்றும். அதனால் குச்சியின் முனையைப் பத்து நிமிடம் கொதிநீரில் வைத்துவிட்டு, புது ஷேவிங் பிளேடு அல்லது புதிதாக ஒடித்த கட்டர் பிளேடால் சீவுங்கள். அழுத்தி வெட்டாமல் மீன் அறுக்கிற மாதிரி இழுத்துச் சீவ வேண்டும். விரல் நகம் அளவுக்குப் பளபளப்பான முகம் கிடைத்தால் போதும். பிளேடு ஒவ்வொரு மூன்று நான்கு சீவலுக்கும் மழுங்கும், மாற்றிவிடுங்கள். மழுங்கிய பிளேடால் பார்த்துவிட்டு "ஒன்றுமே தெரியவில்லை" என்று விடுகிறவர்கள்தான் அதிகம். விரலைக் காத்துக்கொள்ளுங்கள், பிளேடு உடம்பை விட்டு வெளியே போகிற திசையில் ஓடட்டும்.

பிறகு ஒரு சொட்டுத் தண்ணீர் தடவி, நகைக்கடையில் வைத்திருக்கும் பத்து மடங்கு கண்ணாடியால், வெளிச்சம் பக்கவாட்டிலிருந்து விழும்படி பாருங்கள். போன் கேமரா முன்னால் அந்தக் கண்ணாடியை வைத்தே படமும் எடுக்கலாம். படத்தில் ஒரு மில்லிமீட்டர் கோடு தெரியும்படி அளவுகோலையும் சேர்த்து வையுங்கள், துளை பெரிதா சிறிதா என்று அப்போதுதான் எங்களுக்குத் தெரியும்.

கழுக்கோலுக்கு இவ்வளவும் வேண்டாம். கருப்பு ஊசி நார் என்றாலே பனை. குறுக்கே வெட்டினால் வருட வளையம் இருக்காது, முகமெங்கும் கரும்புள்ளி சிதறிக் கிடக்கும், ஓரத்தில் நெருக்கமாக, நடுவில் தளர்வாக. தென்னையும் இதே அமைப்புத்தான், ஆனால் புள்ளி செம்பழுப்பாக இருக்கும்.

---

கல்குளம்_62

உளிமுனை சொன்னதற்கு முன்னால் ஒரு விஷயம். இந்தப் பகுதி 1949 வரை திருவிதாங்கூரிலும், பிறகு 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர்-கொச்சியிலும் இருந்தது. தேக்கு, ஈட்டி (ரோஸ்வுட்), கருங்காலி, சந்தனம் நான்கும் திருவிதாங்கூரில் அரசுக்கு உரிய மரங்கள். சொந்த விளையில் (தோட்டத்தில்) நின்றாலும் அரசாங்கத்துக்குச் சொந்தம். அதனால் சாதாரணக் குடும்பத்து ஓட்டு வீட்டில் ஆறு உத்திரமும் தேக்காக இருக்கும் வாய்ப்பு குறைவு. அயனி, பிலா, வேங்கை, மருது, தம்பகம், புன்னை, பனை என்றுதான் பெரும்பாலும் வரும். வீட்டு வயதும் ஊரும் ஒரு சாட்சி, அதை விட்டுவிடாதீர்கள். தீர்ப்பு மட்டும் குறுக்குவெட்டில்.

உத்திரம் அயனி இல்லை என்று எடையை வைத்தே நினைக்கிறேன். 15 × 12 × 360 என்றால் 64,800 கன செ.மீ, கிட்டத்தட்ட 2.3 கன அடி. அயனியாக இருந்தால் ஒரு உத்திரம் 36 முதல் 42 கிலோ. இரண்டு பேர் முனை தூக்கத் திணறுகிற எடை இல்லை. நிறுத்துப் பார்த்தீர்களா?

---

கனஅடி

முழு உத்திரத்தை நிறுக்க வேண்டாம், உள்ளே எத்தனை ஆணி, எத்தனை இரும்புப் பட்டை என்று தெரியாது. சின்னக் கட்டை போதும்.

உத்திரத்தின் உள்பகுதியிலிருந்து 10 செ.மீ × 5 செ.மீ × 2 செ.மீ அளவில் நான்கு பக்கமும் மட்டமாக ஒரு கட்டை. சரியாக 100 கன செ.மீ. சமையலறைத் தராசில் வைத்தால் கிராமில் வருகிற எண்தான் அடர்த்தி. 65 கிராம் என்றால் 0.65. கணக்கே வேண்டாம். ஆனால் அளவு சரியாக இருக்க வேண்டும். 2 செ.மீ கனத்தில் 1 மில்லிமீட்டர் தவறினால் எடையில் 5 சதவீதம் போய்விடும், அது அயனியையும் தேக்கையும் குழப்பப் போதுமானது. சரியாக வராவிட்டால் வந்த அளவை வெர்னியரில் எடுத்து நீளம், அகலம், கனம் மூன்றையும் பெருக்கி, எடையை அதால் வகுங்கள்.

தராசு இல்லையென்றால் மிதக்க விடுங்கள். 2 செ.மீ சதுரம், 30 செ.மீ நீளம், முழுக்க ஒரே கனத்தில் ஒரு குச்சி. ஒரு முனை அடைத்த பிவிசி குழாயில் தண்ணீர் நிரப்பி, குச்சியை நெட்டுக்குத்தாக உள்ளே விடுங்கள். குழாய் குச்சியைவிடக் கொஞ்சம்தான் அகலமாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் சாய்ந்து படுத்துவிடும். 30-இல் 24 செ.மீ முங்கினால் 0.80. குச்சியின் இரு முனையிலும் மெழுகு தடவிக்கொள்ளுங்கள், ஒரு நிமிடத்துக்குள் பார்த்துவிடுங்கள். தண்ணீர் குடிக்கத் தொடங்கினால் எண் ஏறும்.

காய்ந்த மரத்துக்குச் சுமார் இவ்வளவு: அயனி, பிலா 0.55 முதல் 0.65. தேக்கு 0.60 முதல் 0.70. வேங்கை 0.75 முதல் 0.85. ஈட்டி 0.80 முதல் 0.90. கருமருது அதை ஒட்டியோ கொஞ்சம் கூடவோ. தம்பகம் 0.90-க்கு மேல், சில கட்டை தண்ணீரில் முங்குகிற நிலைக்கே வரும். ஓட்டுக்கூரை அடியில் பல வருடம் கிடந்த மரம் ஆனதால் உங்கள் மரம் காய்ந்தே இருக்கும். ஆனால் பிரித்துப் போட்டபின் இடவப்பாதி (தென்மேற்குப் பருவ) மழையில் நனைந்திருந்தால் இரண்டு வாரம் நிழலில் வைத்துவிட்டு நிறுங்கள்.

எடை ஒரு மரத்தின் பெயரைச் சொல்லாது. எந்த மரமெல்லாம் இல்லை என்று சொல்லும், அதுவே பாதி வேலை.

---

விளவங்கோடு_விளை

எல்லாருக்கும் நன்றி. சொன்னபடி செய்தேன்.

உத்திரக் கட்டை 78 கிராம். தட்டுப் பலகையில் 2 செ.மீ கனத்துக்கு இழைத்து எடுத்த கட்டை 57 கிராம். இரண்டும் வெர்னியரில் பார்த்த அளவு.

உத்திரத்தின் குறுக்குவெட்டு: துளைகள் கண்ணுக்குத் தெரிகின்றன, ஆனால் பெரிது சிறிது கலந்து நிற்கின்றன. ஒரே வரிசையில் வளையமாக இல்லை. துளைகளைத் தொட்டுக்கொண்டு வெளிர்நிறத்தில் மெல்லிய அலைக்கோடு ஓடுகிறது, ஒரு துளையிலிருந்து பக்கத்துத் துளைக்குப் போகிறது. ஆரைக்கோடு (நடுவிலிருந்து பட்டையை நோக்கி ஓடும் கோடு) வெறும் கண்ணுக்குத் தெரியவே இல்லை, கண்ணாடியில் தலைமுடி மாதிரி. சில துளைக்குள் கருஞ்சிவப்பாகப் பிசின் இருக்கிறது.

பலகையின் குறுக்குவெட்டு: துளைகள் பெரியவை, எண்ணிக்கை குறைவு, ஒவ்வொன்றையும் சுற்றி வெளிர்நிற இமை மாதிரி இருக்கிறது. ஆரைக்கோடு வெறும் கண்ணுக்கே தெரிகிறது.

இன்னொன்று. கொதிநீரில் குச்சியை வைத்தபோது தண்ணீர் மஞ்சளாகிவிட்டது. உத்திரக் குச்சி வைத்த பாத்திரம், பலகை இல்லை. அண்டி எண்ணெய்தானோ என்று நினைத்தேன்.

---

உளிமுனை

இவ்வளவு கவனமாகப் பார்த்து எழுதியதற்கு நன்றி, இதை வைத்து நிறையச் சொல்லலாம்.

முதலில் தேக்கு போய்விட்டது. தேக்குக் குறுக்குவெட்டில் பெரிய துளைகள் ஒவ்வொரு வருட வளையத்தின் தொடக்கத்திலும் வரிசை பிடித்து நிற்கும், கோலப்புள்ளி வைத்த மாதிரி. பிறகு வளையம் முடியும்வரை சின்னத் துளைகள். அந்த வரிசை இல்லாத தேக்கு இல்லை. தொட்டால் மெழுகு மாதிரி வழுவழுப்பும், புதிதாகச் சீவினால் பழைய தோல் மணமும் அதற்கு உண்டு. உங்கள் மரத்தில் அண்டி எண்ணெய் ஏறியிருப்பதால் மணத்தை நம்ப வேண்டாம்.

அயனியும் போய்விட்டது. அயனி, பிலா இரண்டிலும் ஆரைக்கோடு வெறும் கண்ணுக்கே தெரியும், நீங்கள் பலகையில் பார்த்தது அதுதான். உத்திரத்தில் கண்ணாடி வைத்தால்தான் தெரிகிறது என்கிறீர்கள். எடையும் 0.78. இரண்டு சாட்சியும் ஒன்றாகப் பேசுகின்றன.

தம்பகமும் இல்லை. அதில் ஆரைக்கோட்டுக்குக் குறுக்கே, வளையத்தை ஒட்டி, சுண்ணாம்பால் கோடு போட்டமாதிரி மெல்லிய வெள்ளை வளைவுகள் தெரியும். குங்கிலிய வகை மரங்களுக்கு உரிய பிசின் குழாய்கள் அவை. தெரிந்திருந்தால் நீங்களே எழுதியிருப்பீர்கள், அவ்வளவு தெளிவாக இருக்கும்.

மிச்சம் வேங்கை, இருள், கருமருது. இனி இன்னொரு முகத்தைப் பாருங்கள். பலகையாக அறுத்தால் மலைமலையாக ரேகை விழுகிற முகம் இருக்கிறதல்லவா, அதைக் கூர்மையான உளியால் சீவி ஈரத்துணியால் துடைத்து, வெளிச்சத்தைச் சாய்த்துப் பாருங்கள். இழைக்குக் குறுக்காக, மணலில் காற்று வரைந்த வரி மாதிரி மிக நெருக்கமான கோடுகள் தெரிந்தால் அது சிற்றலைக் குறி. வேங்கையிலும் ஈட்டியிலும் அது இருக்கும். இருள், மருது, தேக்கு, அயனி எதிலும் இருக்காது. ரம்பம் விட்ட தடமும் குறுக்காகத்தான் ஓடும், ஏமாந்துவிடாதீர்கள். ரம்பத்தடம் இழைத்தால் போய்விடும், சிற்றலைக் குறி எவ்வளவு இழைத்தாலும் அங்கேயே இருக்கும்.

மஞ்சள் தண்ணீர் விஷயத்தை லேசாக விட்டுவிடாதீர்கள். வைரத்தின் உள்பகுதியிலிருந்து மட்டும், எண்ணெய் ஏறிய மேல்பகுதி கலக்காமல், இழைப்புத் தூள் இரண்டு கரண்டி எடுங்கள். நிறமில்லாத கண்ணாடி டம்ளரில் நல்ல தண்ணீரில் இரவு முழுக்க ஊறட்டும். காலையில் தூளை வடித்துவிட்டு டம்ளரை வெயிலில் வைத்து, பின்னால் கருப்புத் துணி பிடித்து, பக்கவாட்டிலிருந்து பாருங்கள். தண்ணீர் ஊடாகப் பார்த்தால் தேநீர் மஞ்சள், வெயில் படுகிற ஓரத்தில் நீல மினுக்கம். அந்த நீலம் தெரிந்தால் வேங்கைப் பேரினம். நிழலிலோ டியூப் லைட்டிலோ பார்த்துவிட்டு இல்லை என்று முடிவு செய்ய வேண்டாம், நேர் வெயில் வேண்டும்.

---

பாறசாலை_அக்கரை

எல்லைக்கு இந்தப் பக்கம், கேரளத்திலிருந்து எழுதுகிறேன். பெயர்க் குழப்பம் பற்றி ஒரு வார்த்தை. உங்களிடம் வந்தவர் இருள் என்றது தெரியாமல் சொன்னதாகவே இருக்கலாம். மில்லுகளில் கருஞ்சிவப்புக் கோடுள்ள கனத்த மரம் எல்லாவற்றையும் இருள் என்றோ மருது என்றோ சொல்லிவிடுகிற பழக்கம் இரண்டு பக்கமும் உண்டு. இங்கே காதல் என்று சொல்வதைத்தான் நீங்கள் வைரம் என்கிறீர்கள். தம்பகத்தைக் கம்பகம் என்பார்கள், தமிழில் கோங்கு என்பதும் உண்டு. கோங்கு என்ற பெயரோ மஞ்சள் பூப் பூக்கும் கோங்கிலவுக்கும் போகும், அது பஞ்சு மாதிரி லேசான மரம். மருதிலே கருமருது, நீர்மருது, பூமருது என்று மூன்று. வேம்பிலே வேம்பு, மலைவேம்பு, சந்தனவேம்பு என்று மூன்று, மூன்றும் பயனில் எட்டாத தூரம். பெயரைக் கேட்டு வாங்கினால் ஏமாற்றம்தான்.

"தேக்கு" என்ற சொல் இதில் மோசம். ஆப்பிரிக்கத் தேக்கு என்று வருகிறவற்றில் பல தேக்கு இனமே இல்லை. ஆப்பிரிக்கத் தேக்கு என்று விற்கும் இரோக்கோ அயனி, பிலா குடும்பத்து மரம். நல்ல மரம்தான், ஆனால் உள்ளே கல் மாதிரிச் சுண்ணாம்புக் கட்டி இருக்கும், இழைப்புளி அலகை ஒரே இழுப்பில் பல்லாக்கிவிடும். துளைக்குள் மஞ்சள் தூள் தெரிந்தாலே ஒரு பெயர் சொல்லிவிடுகிறார்கள், அதுவும் தவறு. மலேசியாவிலிருந்து வரும் மெர்பாவில் கந்தக மஞ்சள் தூள் நிறைய இருக்கும், தேக்கிலும் அங்கங்கே இருக்கும்.

யாராவது எரித்துப் பார், சாம்பல் வெள்ளையா கருப்பா என்று பார் என்று சொன்னால் இந்த மரத்துக்கு வேண்டாம். அண்டி எண்ணெய் ஏறிய சிராய் எதுவாக இருந்தாலும் கரும்புகையோடு எண்ணெய்தான் எரியும், அந்தப் புகை கண்ணுக்கும் தோலுக்கும் ஆகாது.

---

விளவங்கோடு_விளை

சிற்றலைக் குறி இருக்கிறது. முதலில் தெரியவில்லை, உளியை நன்றாகத் தீட்டி மறுபடி சீவி ஈரத்துணி போட்டதும் தெரிந்தது. ஒரு செ.மீ-க்குள் நிறையக் கோடு, எண்ண முடியாத நெருக்கம். பலகையில் அப்படி ஒன்றும் இல்லை.

டம்ளர்த் தண்ணீர் காலை ஒன்பது மணி வெயிலில் ஓரத்தில் நீலமாக மினுங்குகிறது. டம்ளரை நிழலுக்குக் கொண்டுபோனால் மினுக்கம் போய்விடுகிறது. பலகைத் தூளையும் ஒப்பிட்டுப் பார்க்க ஊறவைத்தேன், லேசான மஞ்சள் மட்டும், நீலம் இல்லை.

அப்போது வேங்கை என்று எடுத்துக்கொள்ளலாமா? படாக், செம்மரம் எல்லாம் அதே பேரினம் என்று படித்தேன், அவையாக இருக்குமோ?

---

உளிமுனை

கேள்வி சரியானது. நீல மினுக்கம் பேரினம்வரைதான் சொல்லும். அதன்பிறகு நிறமும் எடையும் இடமும் சேர்ந்து பேச வேண்டும். இங்கேதான் நிறத்துக்கு வேலை, முதலில் இல்லை.

செம்மரம் ஆந்திரத்துக் கடப்பை, சித்தூர் மலைகளின் மரம். வைரம் கருஞ்சிவப்பிலிருந்து கிட்டத்தட்டக் கருப்பு. தண்ணீரில் முங்குகிற எடை. அதன் சிவப்புச் சாயம் தண்ணீரில் கரையாது, சாராயத்தில்தான் கரையும். உங்கள் கட்டை 0.78, தண்ணீரில் மஞ்சள் விட்டது. எங்கேயும் பொருந்தவில்லை. ஆப்பிரிக்கப் படாக் புதிதாக இழைத்தால் ஆரஞ்சுச் சிவப்பு, இந்த வயசுள்ள நாட்டு வீட்டு உத்திரத்தில் அது வர வழியில்லை. பொன்பழுப்பில் கருஞ்சிவப்புக் கோடு, 0.78, சிற்றலைக் குறி, மஞ்சள் தண்ணீரில் நீலம், துளைக்குள் சிவப்புப் பிசின், மலையடிவாரத்து ஊர். இது வேங்கை. அந்தப் பிசின் நிற்கிற மரத்தைக் கீறினால் இரத்தம் மாதிரி வடிகிற அதே பிசின்தான்.

நீதிமன்றத்துக்கோ பெரிய பேரத்துக்கோ எழுத்தில் வேண்டுமென்றால் திருச்சூர் பக்கம் பீச்சியில் கேரள வன ஆராய்ச்சி நிறுவனம் இருக்கிறது, 1975-இல் தொடங்கியது. பெங்களூரில் மர அறிவியல் தொழில்நுட்ப நிறுவனமும் இருக்கிறது. இரண்டு இடத்திலும் மரத்தை அடையாளம் பார்த்துச் சொல்வார்கள். உள்ளங்கை அளவுத் துண்டு, வைரம் மட்டும், பெயிண்டும் உளுப்பும் இல்லாமல், எந்த ஊர், வீட்டின் எந்தப் பாகம் என்று சீட்டு எழுதிக் கட்டி அனுப்புங்கள். அனுப்பும் முன் போனில் கேட்டுக்கொள்ளுங்கள். கட்டளை போடுவதற்கு அவ்வளவு தூரம் தேவையில்லை.

---

கனஅடி

வேங்கை என்றால் விலையைப் பார்த்துக்கொள்ளுங்கள். ஆறு உத்திரம், ஒன்று 2.3 கன அடி, மொத்தம் ஏறக்குறைய 13.7 கன அடி. ஆணி ஓட்டை, பொருத்து வெட்டு, நுனி எல்லாம் கழித்தால் கட்டளைக்குத் தேறுவது பத்து கன அடிக்குக் குறையாது. 12 × 7.5 செ.மீ சட்டத்தில் சாதாரணக் கதவுக் கட்டளை ஒன்று சுமார் 1.7 கன அடி பிடிக்கும். கணக்கு நீங்களே போடலாம்.

அறுக்க அனுப்பும் முன் ஆணி எடுப்பதுதான் பெரிய வேலை. பழைய ஆணி தலை ஒடிந்து உள்ளே நிற்கும், மேலே எண்ணெய்க் கருப்பில் தெரியாது. கம்பித் தூரிகையால் கருப்பைத் தேய்த்துவிட்டு, பெரிய ஸ்பீக்கர் காந்தத்தை நூலில் கட்டி முழு நீளத்துக்கும் மெல்ல ஓட்டுங்கள். இழுக்கிற இடத்தில் சாக்பீசால் வட்டம் போடுங்கள். இரும்புக்குப் பக்கத்தில் மரம் கருத்திருந்தால் அதுவும் அடையாளம். ஆழத்தில் இருக்கிற ஆணியைக் காந்தம் காட்டாது, உலோகம் காட்டும் கருவி வாடகைக்குக் கிடைத்தால் நல்லது. ஒரு ஆணி தப்பினால் பேண்ட்சா அலகு போய்விடும், பக்கத்தில் நிற்கிறவருக்கும் ஆபத்து. ஆணி எடுத்தாயிற்று என்று மில்காரரிடம் சும்மா சொல்லாமல், வட்டம் போட்ட இடங்களைக் காட்டிக் கொடுங்கள்.

---

கல்குளம்_62

இழைக்கிறபோது கவனிக்க வேண்டியது. வேங்கையின் இழை ஒரு பட்டையில் ஒருபக்கம் சாய்ந்தும் அடுத்த பட்டையில் மறுபக்கம் சாய்ந்தும் பின்னிக் கிடக்கும். எந்தப் பக்கமிருந்து இழைத்தாலும் ஒரு பட்டை பிய்ந்து எழும். அலகை நன்றாகத் தீட்டி, மிக மெல்லிய சீவலாக எடுங்கள், கடைசி இழைப்பு உப்புத்தாளில் முடியட்டும். இயந்திரத்தில் விட்டால் மெதுவாக ஓட்டச் சொல்லுங்கள். கனத்த மரம், ஆணி அடிக்கும் முன் துளை போடாவிட்டால் ஓரத்தில் பிளக்கும். தூள் மூக்கையும் தோலையும் அரிக்கும், முகமூடி கட்டாமல் உப்புத்தாள் போட வேண்டாம். அண்டி எண்ணெய் ஏறிய மேல்பகுதியை உப்புத்தாள் போட்டுத் தேய்க்காமல் இழைப்புளியால் சீவியே எடுங்கள், சூடேறினால் அந்த எண்ணெய் தோலில் கொப்புளம் எழுப்பிவிடும்.

நீங்கள் பாத்திரத்தில் பார்த்த மஞ்சள், சுவரிலும் வரும். வேங்கையில் ஈரம் பட்டால் மஞ்சள் சாயம் இறங்கும். கட்டளையை வைத்துப் பக்கத்தில் சிமெண்ட் பூசி, வெள்ளையடித்தால் கட்டளையோரம் மஞ்சள் கோடு விழும். பலபேர் பெயிண்ட் மேல் பெயிண்ட் அடித்துப் பார்க்கிறார்கள், போகாது. சுவரைத் தொடுகிற மூன்று பக்கத்துக்கும் நிறுத்தும் முன்பே பிரைமர் இரண்டு கை கொடுத்து, நன்றாகக் காயவிட்டு நிறுத்துங்கள். குறுக்குவெட்டு முனைகளுக்கு மூன்று கை. ஈரம் உள்ளே ஏறுகிற வழி அதுதான்.

வெள்ளைப் பகுதி ஒரு விரல்கடை இருந்தாலும் அறுத்து எறிந்துவிடுங்கள். வைரம் எவ்வளவு வருடம் நின்றாலும் வெள்ளை உளுக்கும்.

---

விளவங்கோடு_விளை

தட்டுப் பலகையை அயனி என்றே வைத்துக்கொள்ளலாமா, பிலாவா? அதையும் ஜன்னல் கதவுக்குப் போட நினைக்கிறேன். இன்னொன்று, இரண்டு உத்திரத்தைப் பாறசாலைப் பக்கம் உறவினருக்குக் கொடுக்க எண்ணம்.

---

உளிமுனை

அயனியும் பிலாவும் ஒரே பேரினம், குறுக்குவெட்டில் அடையாளங்கள் ஒன்றையொன்று ஒட்டியே இருக்கும். பத்து மடங்கு கண்ணாடியில் இரண்டையும் பிரித்துச் சொல்கிறவரை நம்ப வேண்டாம். புதிதாக இழைத்து ஒரு மாதம் வெளிச்சத்தில் வைத்தால் பிலா கடும் மஞ்சளிலிருந்து செம்பழுப்புக்குப் போகும், அயனி பொன்பழுப்பில் நிற்கும் என்பது பொதுவான போக்கு, அதை ஒரு உதவியாக மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். பலகை நீளமும் ஒரு குறிப்பு. மூன்றரை, நான்கு மீட்டர் முடிச்சே இல்லாமல் நேராகப் போனால் அயனி, அது உயரத்துக்கு நேராக வளர்கிற மரம். பிலா தாழ்ந்து கிளைவிடும், பலகை குட்டையாகவும் முடிச்சோடும் வரும். ஜன்னல் கதவுக்கு இரண்டுமே நல்லவை, கறையான் எளிதில் தொடாது, வேலைக்கும் இணங்கும். உளுத்த வெள்ளையை மட்டும் கழித்துவிடுங்கள், நல்ல பலகையோடு சேர்த்து அடுக்கியும் வைக்க வேண்டாம்.

---

பாறசாலை_அக்கரை

உத்திரத்தை வண்டியில் ஏற்றும் முன் உங்கள் பக்கத்து வனச்சரக அலுவலகத்தில் கேளுங்கள். பழைய வீட்டு மரம் என்றாலும் களியக்காவிளை எல்லையில் நிறுத்தினால் கனத்த வைர மரம் எங்கிருந்து வந்தது என்று கேட்பார்கள். பிரிக்கும் முன் எடுத்த வீட்டுப் படம், உத்திரம் கூரையில் நிற்கிற படம், வீட்டு வரி ரசீது மூன்றையும் எடுத்துப்போங்கள். எழுத்தில் அனுமதிச் சீட்டு கையில் இல்லாமல் எடுத்துவர வேண்டாம். ஒவ்வொரு உத்திரத்தின் நுனியிலும் எண் போட்டு நீளம், அகலம், கனம் எழுதி வைத்தால் அந்தச் சீட்டில் எழுதுவதும் எளிது, இங்கே இறக்கும்போது சரிபார்ப்பதும் எளிது. இழைத்துச் சட்டமாக்கிக் கொண்டுவராமல் கருப்போடே முழு உத்திரமாகக் கொண்டுவாருங்கள். பழைய பொருத்து வெட்டும் ஆணி ஓட்டையும் அண்டி எண்ணெய்க் கருப்பும் இருந்தால்தான் அது வீட்டு மரம் என்று பார்த்தவுடன் தெரியும்.